சிங்கம் உறங்கும் பாட்டு: ‘ம்பூபே’ முதல் ‘விமோவே’ வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பாட்டு இது?

“அ-வீமா-வே, அ-வீமா-வே” என்று ஒரு கூட்டம் கீழ்க்குரலில் ஓட்டிக்கொண்டே இருக்க, மேலே ஒருவர் கள்ளத்தொண்டையில் இழுக்கும் பாட்டு. ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்ற பெயரில் உலகத்துக்குத் தெரியும். ‘தி லயன் கிங்’ படத்தில் கீரியும் காட்டுப்பன்றியும் பாடிக்கொண்டு போவார்களே, அதுதான். குழந்தைகள் பாட்டு என்றோ, யாரும் எழுதாத ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்றோ நினைப்பவர்கள் அதிகம். இரண்டும் தவறு. இதை உருவாக்கியவர் சாலமன் லிண்டா. பதிவானது ஜோஹானஸ்பர்க்கில், 1939-இல்.

ம்பூபே, விமோவே, லயன் ஸ்லீப்ஸ் டுநைட்: மூன்றும் ஒரே பாட்டா?

ஒரே மரத்தின் மூன்று கிளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். 1939-இல் லிண்டா ஜூலு மொழியில் பாடியது ‘ம்பூபே’. 1951-இல் அமெரிக்காவின் ‘தி வீவர்ஸ்’ குழு பதிவு செய்து அடுத்த ஆண்டு வெளியிட்டது ‘விமோவே’. அதில் ஆங்கில வரிகள் கிடையாது. அதன் மேல் ஆங்கில வரிகளை ஏற்றி 1961-இல் ‘தி டோக்கன்ஸ்’ பாடியதுதான் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’. ஒலித்தட்டின் மேல் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் பணம் யாருக்குப் போனது என்பது முடிவாயிற்று. அதனால் பெயரைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

சாலமன் லிண்டா யார்?

1909-இல் நேட்டால் மாகாணத்தில் பொமரோய் ஊருக்கு அருகே, எம்சிங்கா பகுதியில் பிறந்த ஜூலு இளைஞர். சிறுவயதில் மாடு மேய்த்தவர். மிஷன் பள்ளியில் படித்ததால் தேவாலயப் பாட்டுகளின் குரல் அடுக்கு பழக்கமானது. 1931-இல் பிழைப்புக்காக ஜோஹானஸ்பர்க் வந்தார். பின்னர் காலோ ஒலித்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. தன் பாட்டைச் சுமார் ஒரு லட்சம் பிரதி விற்ற நிறுவனத்தில் அவர் சம்பளத்துக்கு இருந்தது அந்த வேலையில்தான்.

அவருடைய குழு ‘ஈவினிங் பேர்ட்ஸ்’. மொத்தம் 6 பேர்: மேல்குரல் லிண்டா, அடுத்த குரல் ஒருவர், நடுக்குரல் ஒருவர், கீழ்க்குரலுக்கு மட்டும் 3 பேர். ஒவ்வொரு குரலுக்கும் ஒருவர் என்ற பழைய கணக்கை உடைத்து, அடியை இப்படிக் கனமாக்கியதும் மேலே ஒற்றைக் குரலைத் தனியே பறக்கவிட்டதும் லிண்டாவின் கைவரிசை. மேடையில் கோடு போட்ட சூட்டும் தொப்பியுமாக வந்து நிற்பார்கள். நகரத்துக்கு வந்த தொழிலாளிகளிடையே அந்த மிடுக்குக்கும் மவுசு இருந்தது.

1939-இல் ஸ்டுடியோவில் என்ன நடந்தது?

காலோவுக்குத் திறமைசாலிகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் கிரிஃபித்ஸ் மோட்சியலோவா. அவர் முன்னிலையில் பதிவு. முதல் டேக் சரியாக வரவில்லை. இரண்டாவதும் போயிற்று. அவர் வெளியே எட்டிப் பார்த்து, கையில் சிக்கிய பியானோக்காரர், கிட்டார்க்காரர், பாஞ்சோக்காரர் மூவரையும் உள்ளே இழுத்துவந்து மூன்றாவது முறை ஆரம்பித்தார். நிற்பதே சந்தேகம் என்று தொடங்கிய அந்த டேக்கின் கடைசிப் பகுதியில், ஒத்திகையில் இல்லாத ஒரு மெட்டை லிண்டா அந்த இடத்திலேயே அவிழ்த்துவிட்டார். உலகம் இன்று முணுமுணுப்பது அந்தத் துண்டைத்தான். தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் இடம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தட்டு தீர்ந்திருக்கும்.

1940-களின் இறுதிக்குள் சுமார் 1,00,000 பிரதிகள் விற்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள்.

அந்த மெட்டில் அப்படி என்ன இருக்கிறது?

எண்ணிப் பாருங்கள், 15 சுரம். சங்கராபரணத்தின் சுரங்களில் சொன்னால்:

ச ரி க ரி – க ம க ரி ச – ரி க ரி ச – க ரி

‘ப’-வைக்கூட எட்டவில்லை, நான்கே சுரங்களுக்குள் சுற்றுகிறது. கீபோர்டில் வெள்ளைக் கட்டை போதும்: சி டி ஈ டி, ஈ எஃப் ஈ டி சி, டி ஈ டி சி, ஈ டி. அடியில் நான்கு கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு): முதல் துண்டுக்கு சி, இரண்டாவதுக்கு எஃப், மூன்றாவதுக்கு மீண்டும் சி, கடைசி இரண்டு சுரத்துக்கு ஜி. அதாவது ச, ம, ச, ப.

வரி ‘ச’-வில் வந்து உட்காரவில்லை, கவனித்தீர்களா? ‘ரி’-யில் தொங்கி நிற்கிறது, அடியில் ‘ப’ கார்டு. காது “வீட்டுக்கு வா” என்று கேட்கிறது. வீட்டுக்கு வந்தால் அங்கே பாட்டு மறுபடி தொடங்கிவிடுகிறது. ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க மண்டையில் சுற்றுவதற்குக் காரணம் இதுதான். இத்தனை பதிவுகளில் வரி மாறியது, மொழி மாறியது, வாத்தியம் மாறியது. இந்த 15 சுரம் மட்டும் அசையவில்லை. பாட்டு யாருடையது என்ற சண்டைக்கு எங்கள் பதில் இந்த வரிசைதான்.

‘விமோவே’ எந்த மொழி? என்ன பொருள்?

எந்த மொழியும் இல்லை. காதுக்கோளாறு.

ஜூலுவில் ‘ம்பூபே’ என்றால் சிங்கம்; ‘உயிம்பூபே’ என்றால் ‘நீ ஒரு சிங்கம்’. கோரஸ் திரும்பத் திரும்பப் பாடியது இந்தச் சொல்லை. தமிழில் எழுதிப் பார்த்தால் ‘ம்ப’ தானாகவே ‘அம்பு’, ‘கரும்பு’ மாதிரி ஒலித்துவிடும். நமக்கு அந்த ஒலி சிரமம் இல்லை. வீவர்ஸ் குழுவின் பீட் சீகர், நியூயார்க்கில் தேய்ந்த 78 சுழற்சித் தட்டின் இரைச்சலுக்கு நடுவே கேட்டு எழுதினார். வேகமாகச் சொன்ன ‘உயி’ அவருக்கு ‘வி’ ஆனது. ‘ம்பூ’வில் பகரம் கரைந்து ‘மோ’ ஆனது. கடைசி ‘பே’யின் மெல்லிய பகரம் ‘வே’ ஆயிற்று. வி-மோ-வே. உதட்டை அழுத்தாமல் ‘உயிம்பூபே’யைப் பத்து முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நீங்களும் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

‘தூங்கும் சிங்கம்’ என்பது ஜூலு மன்னன் ஷாகாவைக் குறிக்கிறது, அவன் இறக்கவில்லை உறங்குகிறான் என்றெல்லாம் அமெரிக்க மேடைகளில் விளக்கம் சொன்னார்கள். லிண்டாவின் பாட்டுக்குப் பின்னால் இருந்தது மாடு மேய்த்த காலத்துச் சிங்க வேட்டை நினைவு. அதில் சிங்கம் தூங்கவே இல்லை.

தட்டு அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

காலோ நிறுவனம் நியூயார்க்கின் டெக்கா நிறுவனத்துக்கு ஒரு கட்டு ஆப்பிரிக்கத் தட்டுகளை அனுப்பியது. அங்கே யாருக்கும் வேண்டாமல் கிடந்ததை நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் காப்பாற்றி, நண்பர் சீகரிடம் கொடுத்தார். சீகருக்கு ‘ம்பூபே’ பிடித்துப்போய்க் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தார். கோர்டன் ஜென்கின்ஸ் வாத்தியக் குழுவோடு டெக்காவில் வெளிவந்த ‘விமோவே’ 1952-இல் பில்போர்டு இதழின் அமெரிக்கத் தரவரிசைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் ஏறியது. ஏறும் நேரத்தில் கம்யூனிஸ்ட் வேட்டை வீவர்ஸ் மீது பாய்ந்தது. வானொலியும் அரங்குகளும் கதவடைத்தன. அவர்களின் கார்னகி அரங்கக் கச்சேரிப் பதிவு 1957-இல் வந்த பிறகு பாட்டு மறுபடி பரவியது. 1959-இல் கிங்ஸ்டன் ட்ரையோ பாடியது. 1960-இல் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா சரியான ஜூலு உச்சரிப்போடு ‘ம்பூபே’ என்றே பாடினார்.

தட்டில் ‘பால் கேம்பல்’ என்று போட்டிருக்கிறதே, அவர் யார்?

அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. உரிமையாளர் இல்லாத பழைய நாட்டுப்புறப் பாட்டுகளைப் புதிதாகக் கோத்துப் பதிவு செய்யும்போது, ராயல்டி வாங்குவதற்காக வீவர்ஸும் அவர்களின் பதிப்பாளர் ஹோவி ரிச்மண்டும் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. மரபுப் பாட்டுக்கு அந்தத் தந்திரம் ஓடும். ‘ம்பூபே’யோ அப்போது 13 வயதுகூட நிரம்பாத பாட்டு, எழுதியவர் உயிரோடு இருந்தார். தட்டில் ‘ஆல்பர்ட் ஸ்டான்டன்’ என்ற பெயரைப் பார்த்தாலும் ஏமாறாதீர்கள். அதுவும் பதிப்பகத்தார் வைத்துக்கொண்ட புனைபெயர்.

சீகருக்கு உறுத்தியது. லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் சொன்னார். எழுத்தாளர் பங்கு தொடர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார், சரிபார்க்கவில்லை. அதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

லிண்டாவுக்கு 10 ஷில்லிங்தான் கிடைத்ததா?

1952-இல், பாட்டு அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது, லிண்டா 10 ஷில்லிங்குக்கு உரிமையை காலோவுக்கு எழுதிக் கொடுத்தார். 10 ஷில்லிங் என்றால் அரை பவுண்டு. காலோ அதில் அமெரிக்க உரிமையை ரிச்மண்டிடம் விட்டுக்கொடுத்து, பதிலுக்குத் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளில் ‘விமோவே’யை நிர்வகிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. இரு நிறுவனங்களுக்கும் லாபமான பண்டமாற்று.

டோக்கன்ஸ் பதிவு எப்படி முதலிடம் பிடித்தது?

டோக்கன்ஸ் புரூக்ளின் பையன்கள். தயாரிப்பாளர்கள் ஹ்யூகோ பெரெட்டியும் லூயிஜி கிரியேட்டோரும் ‘விமோவே’க்கு வரி வேண்டும் என்று ஜார்ஜ் டேவிட் வைஸிடம் கேட்டார்கள். வைஸ் செய்த முக்கியமான வேலை ஒன்று: லிண்டா கடைசியில் ஒருமுறை மட்டும் பாடிவிட்டுப் போன அந்த 15 சுரத்தை எடுத்து, பாட்டின் முதல் வரியாக வைத்தார். ஒரு சுரத்துக்கு ஓர் அசை வீதம் 15 அசை ஆங்கில வரி. ‘விமோவே’ கோரஸ் பின்னணிக்குப் போனது. முன்னணிக் குரல் ஜே சீகல் (பீட் சீகர் வேறு, இவர் வேறு). நடுவில் வரும் ஆபெரா பாணிப் பெண் குரல் அனிட்டா டேரியனுடையது.

1961-இல் ஆர்சிஏ விக்டர் இதைத் தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டது. முன்பக்கம் ‘டினா’ என்ற பாட்டு. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். டிசம்பரில் பில்போர்டில் முதலிடம், 3 வாரம். வரிகளில் சிங்கம் அடர்ந்த காட்டில் தூங்குகிறது. நிஜத்தில் அது புல்வெளி விலங்கு. வைஸ் ஆப்பிரிக்காவை விட்டு எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து எழுதினார் என்று இதிலேயே தெரியும்.

லிண்டாவுக்கு இது தெரியுமா?

1959-இல் மேடையில் மயங்கி விழுந்தார், சிறுநீரகக் கோளாறு. 1962 அக்டோபர் 8-ஆம் தேதி, பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் இறந்தார். வங்கியில் இருந்தது 25 டாலருக்கும் குறைவு. கல்லறைக்குக் கல் வைக்கவே குடும்பத்துக்கு 18 ஆண்டு ஆனது.

பிறகு வழக்கு எப்படி வந்தது? உரிமையைத்தான் விற்றுவிட்டாரே?

2000-இல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ரியான் மாலன் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் முழுக் கணக்கையும் எழுதினார். ‘தி லயன் கிங்’ வழியாக மட்டும் பாட்டு சுமார் 1.5 கோடி டாலர் ஈட்டியிருக்கும் என்பது அவர் மதிப்பீடு. அதன் பிறகு காப்புரிமை வழக்கறிஞர் ஓவன் டீன் ஒரு பழைய சட்டத்தைத் தூசு தட்டினார்: பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுப் பேரரசுக் காப்புரிமைச் சட்டம்.

அதில் ஒரு விதி உண்டு. ஆசிரியர் உயிரோடு இருக்கும்போது உரிமையை எழுதிக் கொடுத்தாலும், அவர் இறந்து 25 ஆண்டு ஆனதும் உரிமை அவருடைய சொத்துக்கே திரும்பும். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் செல்லாது. லிண்டா இறந்தது 1962. கூட்டுங்கள்: 1987. தென்னாப்பிரிக்கா அந்தச் சட்டத்தை 1916-இலிருந்து 1965 வரை வைத்திருந்ததால் 1952 பத்திரத்துக்கு அது பொருந்தியது. விதவையும் மகள்களும் பின்னால் வேறு பத்திரங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் இந்த விதிப்படி உரிமை திரும்புவது பிள்ளைகளிடம் நேராக அல்ல, சொத்தின் நிர்வாகியிடம். எனவே முதல் வேலை ஒரு நிர்வாகியை நியமிக்கச் செய்தது; வழக்கும் அவர் பெயரிலேயே போடப்பட்டது.

அடுத்த சிக்கல்: ‘தி லயன் கிங்’ எடுத்த டிஸ்னி அமெரிக்க நிறுவனம், தென்னாப்பிரிக்க நீதிமன்றத்துக்கு அதன் மேல் என்ன அதிகாரம்? அந்த நாட்டில் டிஸ்னிக்கு இருந்த சொத்து அதன் வணிகச் சின்னங்கள். 2004-இல் நீதிமன்ற ஆணையோடு 200-க்கும் மேற்பட்ட சின்னங்களை முடக்கினார்கள், மிக்கி மவுஸ் உட்பட. உலகச் செய்தி ஆனது அப்போதுதான். கேட்ட தொகை சுமார் 16 லட்சம் டாலர். உரிமம் முறைப்படி வாங்கினோம் என்றது டிஸ்னி. உரிமம் கொடுத்தது அபிலீன் மியூசிக் என்ற பதிப்பகம். 2006 பிப்ரவரியில் சமரசம்: கடந்த காலத்துக்கு ஒரு தொகை, தொடர்ந்து ராயல்டி, இணை இசையமைப்பாளர் என்ற அங்கீகாரம், பணத்தை நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை.

இதே 1911 சட்டம் 1914-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் வந்தது. நம் 1957 சட்டம் வரும்வரை இங்கேயும் அதுதான் ஓடியது. கிராமபோன் காலத்துப் பத்திரங்களைப் புரட்டுபவர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம்.

சரி, அதோடு நியாயம் கிடைத்துவிட்டதா?

அரைகுறையாக. 2019-இல் வந்த ‘தி லயன்ஸ் ஷேர்’ ஆவணப்படம் இதைத்தான் துருவுகிறது: குடும்பத்துக்கு மொத்தமாகக் கிடைத்தது சுமார் 2,50,000 டாலர் என்றும், ஒப்பந்தம் 2017-இல் முடிந்துவிட்டது என்றும். ‘தி லயன் கிங்’ மறு ஆக்கம் அதே 2019-இல் திரைக்கு வந்தது, அதிலும் இந்தப் பாட்டு இருந்தது. இதற்கு முன் 2002-இல் பிரான்சுவா வெர்ஸ்டர் எடுத்த ‘எ லயன்ஸ் ட்ரெயில்’ என்ற ஆவணப்படமும் பார்க்கத் தகுந்தது.

‘ம்பூபே’ என்று ஓர் இசை வகையே இருக்கிறதாமே?

ஆம். பாட்டு அவ்வளவு பிரபலமாகி, உரத்த குரலில் பாடும் ஆண்கள் குழுப் பாணிக்கே பெயராகிவிட்டது. பின்னர் வந்த மென்மையான பாணிக்கு ‘இசிகதமியா’ என்று பெயர். பூனை மாதிரி ஓசையின்றி அடி வைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தொழிலாளர் விடுதிகளில் சனிக்கிழமை இரவு தொடங்கி விடியும்வரை போட்டி நடக்கும். எந்தக் குழுவுக்கும் சார்பில்லாதவர் வேண்டும் என்பதற்காக, தெருவில் போகும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரரைப் பிடித்துவந்து நடுவர் நாற்காலியில் உட்கார வைக்கும் வழக்கமும் இருந்தது. இந்த மரபில் வந்தவர்கள்தான் ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ குழுவினர். 1986-இல் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ தட்டு வழியாக உலகம் அறிந்தது.

எந்தப் பதிவு எது என்று காதாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

இரைச்சலும் பாஞ்சோவும் இருந்து, பிரபல மெட்டு கடைசியில்தான் வந்தால் லிண்டா. வாத்தியக் குழுவின் பித்தளை முழக்கம் இருந்து ஆங்கில வரி இல்லையென்றால் வீவர்ஸ் 1952. கைதட்டலும் பாஞ்சோவும் இருந்தால் கார்னகி. ஆபெரா பெண் குரல் கேட்டால் டோக்கன்ஸ். ஆண் குரல் யோடல் பாணியில் உடைந்து உடைந்து ஏறினால் கார்ல் டென்வர். 1962-இல் பிரிட்டனில் 4-ஆம் இடம். 1980-களின் டிரம் ஒலி பளிச்சென்று அடித்தால் டைட் ஃபிட், 1982-இல் பிரிட்டனில் முதலிடம். 1972-இல் ராபர்ட் ஜான் பாடியது டோக்கன்ஸுக்கு மிக நெருக்கம். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்.

பள்ளியிலோ குழுவாகவோ பாட என்ன செய்யலாம்?

பத்துப் பேர் இருந்தால் ஐந்து பேரைக் கீழ்க்குரலுக்கு ஒதுக்குங்கள். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் அடி மெலிந்து பாட்டு பொம்மை மாதிரி ஆகிவிடும். ஒருவரே மேலே. மற்றவர்கள் நடுவில். முதலில் மெட்டைத் தொடாமல் ச-ம-ச-ப சுற்றை மட்டும் இருபது முறை ஓட்டுங்கள். கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, கோரஸ் உற்சாகத்தில் வேகம் கூட்டும். காலடித் தாளம் வைத்தால் நிற்கும். இரண்டு, சுற்றுக்குச் சுற்று சுருதி இறங்கும், அதிலும் ‘ப’-விலிருந்து ‘ச’-வுக்குத் திரும்பும்போது. தம்பூரா செயலியை ஓடவிட்டுப் பழகுங்கள். மூன்று, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள். பாதிப் பேர் ‘ம’-வில், மீதிப் பேர் ‘ப’-வில் என்று பிரித்துவிட்டால் கயிறு அறாது. மேல்குரல்காரர் நெஞ்சுக்குரலில் எட்டிப் பிடிக்க முயன்றால் தொண்டை கட்டும். கூச்சப்படாமல் கள்ளத்தொண்டைக்குப் போகச் சொல்லுங்கள், லிண்டாவும் அப்படித்தான் பாடினார். ‘விமோவே’க்குப் பதில் ‘உயிம்பூபே’ என்றே பாடுங்கள். நமக்குத்தான் அது வருமே.

யூடியூபில் போடலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?

மெட்டையும் வரியையும் பிரித்துப் பாருங்கள். லிண்டாவின் இசைக்குத் தென்னாப்பிரிக்காவில் இறந்து 50 ஆண்டு, அதாவது 2012 கடைசியோடு காலம் முடிந்தது. இந்தியக் கணக்கான 60 ஆண்டும் 2022-இல் முடிந்தது. 70 ஆண்டு வைத்திருக்கும் நாடுகளில் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் 1961-இன் ஆங்கில வரிகளுக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. வைஸோடு தயாரிப்பாளர்கள் இருவரும் எழுத்தாளர்களாகப் பெயர் போட்டுக்கொண்டார்கள்; அவர்களில் கடைசியாக மறைந்த கிரியேட்டோர் இறந்ததே 2015-இல். யூடியூபின் தானியங்கிச் சோதனை இந்தியக் கணக்கை மட்டும் பார்த்து விடாது. ஆங்கில வரியைப் பாடினால் உரிமைக் கோரிக்கை வந்து விளம்பர வருமானம் பதிப்பகத்துக்குப் போகும் என்று எதிர்பார்த்தே போடுங்கள். பழைய பதிவை வெட்டி ஒட்டாதீர்கள். பதிவின் உரிமை தனி. விவரக் குறிப்பில் இசை: சாலமன் லிண்டா, 1939 என்று எழுதுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.